கணினியில் உட்பகை

பகை இருவகைப்படும். வெளியே நின்று போர் தொடுப்பது ஒன்று. உடனிருந்து உறவு காட்டி உள்ளிருந்தே அறுப்பது மற்றொன்று. முன்னதனை மதிலும் அகழியும் தடுக்கும். பின்னதனைத் தடுக்க அவற்றால் இயலாது. மதிற்காவலனே பகைவனுக்கு ஆளாகிய பின்னர், மதில் எத்துணை உயர்ந்ததாயினும் பயன் என்னை? நம் முன்னோர் இதனை உட்பகை எனப் பெயரிட்டு அரசரை எச்சரித்தனர். முடியரசர் காலம் கழிந்தது; உட்பகையோ ஒழிந்திலது. நம் மேசைமீதும் சட்டைப்பையிலும் இருக்கும் கணினிகளுள் அது குடிபுகுந்துள்ளது. கணினி வல்லார் அதனை ரூட்கிட் என வழங்குவர். அதன் இயல்பையும் வகைகளையும் அது விளைத்த தீங்கினையும் ஒருவாறு கூறி, அதுபற்றி எமக்குத் தோன்றும் கருத்து ஒன்றனையும் இக்கட்டுரையில் முன்வைக்க விழைகின்றோம்.

தமிழ் பயில்வோராதலின் பெயராராய்ச்சியினின்றும் தொடங்குதல் எமக்கு இயல்பாகும். 'ரூட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வேர் என்பது பொருளாயினும், ஈண்டு அது யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் முதன்மைப் பயனருக்கு வழங்கும் பெயர். ஏனைப் பயனர் தத்தம் கோப்புகளை மட்டுமே ஆள்வர். ரூட் எனப்படுபவரோ எக்கோப்பையும் திறக்கலாம், எந்நிரலையும் நிறுத்தலாம், எவர் கணக்கையும் நீக்கலாம். 'கிட்' என்பது கருவித் தொகுதி. ஆகவே, முதன்மைப் பயனரின் உரிமையைக் களவிற் பெற்ற ஒருவன், அவ்வுரிமையைப் பிறர் அறியாவண்ணம் நிலைநிறுத்திக்கொள்ளக் கையாளும் கருவித் தொகுதியே ரூட்கிட் என்க.

இவ்விடத்தில் பலரும் ஒன்றனைத் தவறாக உணர்கின்றனர். பூட்டை உடைப்பது ரூட்கிட்டின் தொழிலன்று. திருத்தப்படாத நிரற்பிழை, ஏமாற்று மின்னஞ்சல், களவாடிய கடவுச்சொல் இவற்றுள் ஒன்றால் கதவு முன்னரே திறக்கப்பட்டுவிடும். உடைத்த சுவட்டை மூடுவதும், உள்ளே தங்கியிருப்பதை மறைப்பதும், வேண்டும்போதெல்லாம் மீண்டும் வருவதற்குப் புறக்கடை வாயிலைத் தாழிடாது வைப்பதுமே ரூட்கிட்டின் தொழில். திருடிவிட்டு ஓடும் கள்வனை ஊரார் துரத்திப் பிடிக்கலாம். திருடிய வீட்டிலேயே வேலைக்காரனாக அமர்ந்துகொள்பவனை யார் பிடிப்பது?

இம்மறைவு எங்ஙனம் நிகழ்கின்றது? கணினித் திரையிற் காண்பன யாவும் நாம் நேரிற் கண்டவை என்று கருதுவோமாயின் அது மயக்கமேயாம். அவை பிறரைக் கேட்டுப் பெற்ற விடைகள். ஒரு கோப்புறையைத் திறக்கும்போது, அதனுள் என்ன உளது என்று ஒரு நிரல் இயங்குதளத்தை வினவுகின்றது. இயங்குதளம் வன்தட்டைப் படித்து விடை தருகின்றது. நிரல் அவ்விடையைத் திரையில் எழுதுகின்றது. வினாவும் விடையும் இங்ஙனம் பலர் கைம்மாறியே நம்மை அடைகின்றன. அவ்விடையாளருள் ஒருவனாக ரூட்கிட் அமர்ந்துகொள்கின்றது.

எழுத்தறியாத மூதாட்டி ஒருத்தி, வெளியூரிலுள்ள மகன் எழுதிய கடிதத்தை அயல்வீட்டானிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அயல்வீட்டானிடம் தான் கொடுத்துவைத்த பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுமாறு மகன் எழுதியிருக்கும் வரியை மட்டும் விட்டுவிட்டு, ஏனை வரிகளையெல்லாம் அவன் பிழையற வாசித்தால், அவள் எங்ஙனம் அறிவாள்? கடிதம் அவள் வீட்டிலேயே இருக்கின்றது. வரியும் கடிதத்திலேயே இருக்கின்றது. பொய்யென்று ஒரு சொல்லும் அவன் சேர்த்திலன். ஆயினும் அவள் வஞ்சிக்கப்பட்டாள். ரூட்கிட் செய்வது இதுவே. கோப்புகளின் பட்டியலைக் கேட்டால், தன் கோப்பின் பெயரை மட்டும் விட்டுப் படிக்கும். இயங்கும் நிரல்களைக் கேட்டால், தன் நிரலை மட்டும் விட்டுக் கூறும். வைரஸ் தடுப்பு நிரலும் பல வேளைகளில் அம்மூதாட்டியின் நிலையிலேயே உள்ளது. அதுவும் இயங்குதளத்தைக் கேட்டே அறிதலின், கேடு யாதுமில்லை என்று நமக்கு உறுதி கூறிவிடுகின்றது.

இனி, இவ்வஞ்சனை எத்தளத்தில் நிகழ்கின்றது என்பது கொண்டு ரூட்கிட்டுகளை வகுப்பர். மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வோமாயின் ஐந்து வகைகளைக் காணலாம். ஆழம் மிக மிக, கண்டறிதலும் அரிதாகும்.

முதலாவது பயனர் தளத்தில் இயங்குவது. 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் யூனிக்ஸ் வழிவந்த சன்ஓஎஸ் இயங்குதளத்தில் தோன்றியவை இவ்வகையின. இயங்கும் நிரல்களைக் கூறும் பிஎஸ், கோப்புகளைக் கூறும் எல்எஸ், பிணையத் தொடர்புகளைக் கூறும் நெட்ஸ்டாட் முதலிய கட்டளை நிரல்களை அகற்றிவிட்டு, அவை போலவே தோன்றும் போலிகளைக் கள்வர் வைத்தனர். இவற்றைப் போன்ற மாற்றங்களைக் கண்டறிய, 1992-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டிரிப்வயர் என்னும் கருவி ஆக்கப்பட்டது. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்றதோர் எண்ணைக் கணித்து வைத்துக்கொண்டு, பின்னர் அவ்வெண் மாறியிருப்பின் அறிவிப்பது அதன் பணி. கோப்பைத் தொட்டால் அகப்படுவோம் என்று கண்ட கள்வர், கோப்பைத் தொடாது, நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலினுள் நுழைந்து விடையைத் திருத்தக் கற்றனர்.

இரண்டாவது கெர்னல் தளத்தில் இயங்குவது. கணினியின் செயலி, நிரல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமையை வழங்குவதில்லை. இன்டெல் வழிச் செயலிகளில் சாதாரண நிரல்கள் 3-ஆம் வளையத்திலும், கெர்னல் எனப்படும் இயங்குதளத்தின் கருப்பகுதி 0-ஆம் வளையத்திலும் இயங்கும். 0-ஆம் வளையத்தில் உள்ளது எதனையும் செய்யலாம். அதனைத் தடுப்பார் அங்கு இல்லை. அவ்வளையத்துள் நுழைந்த ரூட்கிட், எந்த வினாவை எங்கே அனுப்புவது என்று குறித்துள்ள அட்டவணையைத் தனக்கேற்பத் திருத்திக்கொள்ளும். அல்லது, இயங்கும் நிரல்களைக் கோத்துள்ள சங்கிலியினின்றும் தன் கண்ணியை மட்டும் கழற்றிக்கொள்ளும். கழன்ற பின்னும் நிரல் ஓடும். கணக்கில் மட்டும் வாராது. விண்டோஸ் என்டி இயங்குதளத்துக்கு இத்தகையதொன்றை 1999-ஆம் ஆண்டில் கிரெக் ஹோக்லண்ட் என்பார் எழுதி வெளியிட்டு, இஃது இயலும் என்பதை மெய்ப்பித்தார்.

இவ்வகை எத்துணைத் திறமாக மறைந்திருக்கும் என்பதற்கு 2010-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகும். அவ்வாண்டு பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸுக்குத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. அதனை ஏற்ற பல கணினிகள் நீலத்திரையோடு நின்றுபோயின. மக்கள் நிறுவனத்தைக் குறைகூறினர். ஆராய்ந்தபோது, அலூரியான் என்னும் ரூட்கிட் அக்கணினிகளில் முன்னரே குடியிருந்தமை புலனாயிற்று. கெர்னலின் உறுப்புகள் இன்ன இன்ன இடத்தில் இருக்கும் என்று அது கணித்து வைத்திருந்தது. திருத்தம் அவ்விடங்களை மாற்றிவிட்டது. இருளிற் பழகிய வழியே நடமாடிய கள்வன், வீட்டுக்காரன் கட்டிலை நகர்த்தி வைத்தமையால் இடறி விழுந்த கதையாயிற்று. அவன் இடறி விழும்வரை, வீட்டில் கள்வன் உளன் என்பதே வீட்டுக்காரனுக்குத் தெரிந்திலது.

மூன்றாவது பூட்கிட் எனப்படும். கணினியைத் திறந்தவுடன் இயங்குதளம் வருமுன்னரே ஓடும் சிறு தொடக்க நிரலை மாற்றி அமைத்து, இயங்குதளத்துக்கு முன்பே தான் எழுந்துவிடுவது இதன் இயல்பு. காவலர் எழுமுன் கள்வன் எழுந்து, காவலர் வாளை மழுங்கச்செய்துவிடுகின்றான் எனலாம். இதனைத் தடுக்கும்பொருட்டு, நம்பத்தக்க கையொப்பமுடைய தொடக்க நிரலை மட்டுமே ஓடவிடும் செக்யூர் பூட் என்னும் ஏற்பாடு 2012-ஆம் ஆண்டில் விண்டோஸ் 8-உடன் பரவலாக வந்தது. ஆயினும் 2023-ஆம் ஆண்டு மார்ச்சில், பிளாக்லோட்டஸ் என்னும் பூட்கிட், முற்றும் புதுப்பிக்கப்பட்ட விண்டோஸ் 11 கணினியிலும் அவ்வேற்பாட்டைக் கடந்துவிடுகின்றது என்று ஸ்லோவாக்கியா நாட்டு ஈசெட் நிறுவனத்தார் அறிவித்தனர்.

நான்காவது, இயங்குதளம் முழுவதையுமே ஒரு மாயக் கணினிக்குள் அடைத்துவிட்டுத் தான் அதற்குக் கீழே ஹைபர்வைசராக நின்று ஆள்வது. 2006-ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளரும் சப்வர்ட் என்னும் பெயரிலும், ஜோன்னா ருட்கோவ்ஸ்கா என்னும் ஆய்வாளர் புளூ பில் என்னும் பெயரிலும் இதனைச் செய்து காட்டினர். ஐந்தாவது, வன்தட்டிலும் இராது, தாய்ப்பலகையிற் பதிந்துள்ள ஃபர்ம்வேர் என்னும் அடிப்படை நிரலிலேயே தங்குவது. இயங்குதளத்தை அழித்துப் புதிதாக நிறுவினும், வன்தட்டையே மாற்றினும், இஃது ஒழியாது. இதற்குரிய சான்றினைப் பின்னர்க் கூறுவோம்.

நிற்க. ஒரு கோப்பின் பெயரை மறைப்பதனால் அத்துணைப் பெருங்கேடு விளையுமோ என்று சிலர் ஐயுறலாம். ஈரான் நாட்டு நடான்ஸ் நகரில் யுரேனியம் செறிவூட்டும் நிலையத்தில் நிகழ்ந்ததை அவர்கள் எண்ணிப்பார்ப்பாராக. 2010-ஆம் ஆண்டு ஜூனில் பெலாரஸ் நாட்டு வைரஸ் தடுப்பு நிறுவனம் ஒன்று ஸ்டக்ஸ்நெட் என்னும் நிரலைக் கண்டறிந்தது. தைவான் நாட்டு நிறுவனங்கள் இரண்டன் மின்னணுக் கையொப்பங்களைக் களவாடிக் கொண்டு, நேர்மையான டிரைவர்கள் போன்று அதன் ரூட்கிட் உறுப்புகள் விண்டோஸில் நுழைந்தன. அவ்வளவில் அது நின்றிலது. எந்திரங்களை ஆளும் சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளினுள்ளும் தன் கட்டளைகளைப் புகுத்தியது. பொறியாளர் ஒருவர் அக்கருவியில் உள்ள கட்டளைகளைப் படித்துப் பார்ப்பின், புகுத்தியவற்றை விட்டு, பழையனவற்றை மட்டுமே காட்டியது. சுழலும் எந்திரங்களின் வேகம் வரம்பு கடந்து ஏறவும் இறங்கவும், திரைமுன் அமர்ந்தோர்க்கோ எல்லாம் செவ்வனே நடப்பதாகத் தோன்றியது. அவ்வாண்டு நவம்பரில் ஈரான் அதிபர், தம் எந்திரங்கள் சிலவற்றுக்கு இடையூறு நேர்ந்ததென ஒப்புக்கொண்டார். எந்திரத்தைக் கெடுத்தது பாதி. கெடவில்லையென்று கண்ணையும் நம்பவைத்தது மறுபாதி. பின்னதில்லையேல் முன்னது நெடுநாள் நடந்திராது.

அங்ஙனமாயின், நிரலின் மூலத்தையே வரிவரியாகப் படித்துப் பார்த்தபின் நம்பலாமே எனின், அதுவும் போதாது. யூனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியோருள் ஒருவராகிய கென் தாம்சன் என்பார், டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றி 1984-ஆம் ஆண்டில் வெளியான உரையில் இதனை விளக்கினார். மூலத்தை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் என்னும் நிரலிலேயே ஒரு வஞ்சகத்தை வைத்துவிடலாம். பின்னர் அக்கம்பைலரின் மூலத்தினின்றும் அவ்வஞ்சகத்தின் சுவடு முழுதையும் அழித்துவிட்டாலும், அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும்படி செய்யலாம். படித்துப் பார்க்கும் மூலம் தூயதாகவே இருக்கும். ஓடும் நிரல் தீயதாக இருக்கும். நிரலை நம்புதல் என்பது முடிவில் அதனை ஆக்கியோரை நம்புதலே என்பது அவ்வுரையின் சாரம்.

இனி எமது கருத்துக்கு வருவோம். ரூட்கிட் என்றவுடன் முகமறியாத கள்வரையே யாவரும் நினைக்கின்றனர். ஆனால், நம் நம்பிக்கைக்குரியவரே நன்னோக்கம் கூறி நம் கணினியில் மறைவிடம் ஒன்று அமைப்பின் அதனை என்னென்பது? அதுவும் குற்றமே என்பதும், மறைவிடத்தைக் கட்டியவர் ஒருவராயினும் அதில் குடியேறுபவர் வேறொருவராவார் என்பதும் எமது துணிபு. இதற்கு மூன்று சான்றுகள் காட்டுவோம்.

முதற்சான்று இசைத்தட்டு வணிகத்தைப் பற்றியது. சோனி பிஎம்ஜி என்னும் இசை நிறுவனம், தன் தட்டுகளைப் பிறர் படியெடுத்தலைத் தடுக்க, பிரிட்டன் நாட்டு நிறுவனம் ஒன்று ஆக்கிய நிரலைப் பல தட்டுகளிற் சேர்த்து விற்றது. தட்டை விண்டோஸ் கணினியில் இட்டுப் பாட்டுக் கேட்க விழைந்தோரின் கணினியில் ரூட்கிட் ஒன்று அமைந்துவிட்டது. குறிப்பிட்ட ஓர் எழுத்துக்குறித் தொடரைப் பெயரின் முதலிற் கொண்ட கோப்பு எதுவாயினும் அது மறைத்தது. ரூட்கிட்டைக் கண்டறியும் கருவியொன்றைத் தாமே ஆக்கிய மார்க் ரஸ்ஸினோவிச் என்பார், அதனைத் தம் கணினியிற் சோதிக்கையில் இதனைக் கண்டு, 2005-ஆம் ஆண்டு அக்டோபர் 31 அன்று உலகுக்கு அறிவித்தார். நடந்தது என்னை? சில நாட்களுக்குள் வேறு கள்வர் தம் தீநிரல்களுக்கு அவ்வெழுத்துத் தொடரையே பெயராகச் சூட்டி அம்மறைவில் ஒதுங்கினர். நிறுவனத்தார் அதனை நீக்குதற்கென அளித்த நிரலோ, புதியதொரு வாயிலைத் திறந்துவைத்தது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்டனர். முடிவில் நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க வணிக ஆணையத்தோடு உடன்பாடு செய்துகொண்டு, கணினி கெட்டோர்க்கு 150 டாலர் வரை ஈடு தர இசைந்தது. பாட்டைக் காக்க வந்த பூனை, பால் முழுவதையும் கவிழ்த்துவிட்டது.

இரண்டாம் சான்று கிரேக்க நாட்டுத் தலைநகராகிய ஏதென்ஸில் நிகழ்ந்தது. நீதிமன்ற ஆணையின்மேல் உரையாடல்களை ஒட்டுக்கேட்கும் வசதி, பல நாடுகளின் தொலைபேசி இணைப்பகங்களில் உண்டு. வோடஃபோன் நிறுவனத்தின் கிரேக்கக் கிளை பயன்படுத்திய எரிக்சன் இணைப்பகங்களிலும் அவ்வசதி, நிரற்புதுப்பிப்போடு வந்து சேர்ந்தது. ஆனால் அதனை மேற்பார்க்கும் கருவி அங்கு நிறுவப்படவில்லை. ஆளில்லாத அறையின் கதவைக் கள்வர் கண்டனர். 2004-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விளையாட்டுக் காலத்தையொட்டி அவர்கள் இணைப்பகங்களில் ரூட்கிட் ஒன்றைப் புகுத்தி, நாட்டின் தலைமை அமைச்சர் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்டோரின் கைபேசி உரையாடல்களைக் கேட்டுவந்தனர். இயங்கும் நிரல்களைக் காட்டும் கட்டளையையும் அது திருத்திவிட்டமையால், பணியாளர் எவரும் அறிந்திலர். 2005-ஆம் ஆண்டு ஜனவரியில் கள்வர் தம் நிரலைத் தாமே புதுப்பிக்க முயன்றபோது, சில குறுஞ்செய்திகள் போய்ச் சேராது நின்றன. அச்சிறு குறையை ஆராயப் புகுந்தோர் மார்ச்சில் முழுவதையும் கண்டனர். தொலைபேசி நிறுவனத்துக்கு 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் 7 கோடியே 60 இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. சட்டத்துக்கென அமைத்த செவியைச் சட்டத்துக்குப் பகைவர் கைக்கொண்டனர் என்பதை ஈண்டு நோக்குக.

மூன்றாம் சான்று முற்கூறிய ஐந்தாம் வகையைச் சார்ந்தது. மடிக்கணினி களவுபோனால் அதனைத் தேடிக் கண்டுபிடிக்கும் லோஜாக் என்னும் நிரல் ஒன்றுண்டு. கள்வன் வன்தட்டை அழித்தாலும் தான் அழியாதிருத்தல் வேண்டுமென்று, அதன் ஒரு பகுதியைக் கணினி செய்வோர் ஃபர்ம்வேரிலேயே வைத்தனர். நன்னோக்கமே, ஐயமில்லை. ஆனால் 2018-ஆம் ஆண்டில், அந்நிரலைத் திரித்து, உடையவரின் செய்தியைத் தம்மிடம் அனுப்பும்படி செய்துகொண்ட கூட்டத்தார், அதே நெறியைப் பின்பற்றி லோஜாக்ஸ் என்னும் ரூட்கிட்டை ஃபர்ம்வேரில் எழுதியமையை ஈசெட் நிறுவனத்தார் வெளியிட்டனர். மெய்யான தாக்குதலிற் கையாளப்பட்டதாகக் காணப்பெற்ற முதல் யுஇஎஃப்ஐ ரூட்கிட் அதுவே. கள்வனைப் பிடிக்க வைத்த பொறியே கள்வனுக்குப் பாடநூலாயிற்று.

இவற்றுக்கு மறுமொழியாகச் சிலர் இங்ஙனம் கூறுவர்: "பாதுகாப்பு நிரல்களும் கெர்னலிலேயே இயங்குகின்றன, அவற்றையும் விலக்குவீரோ?" விலக்கோம். ஆழத்திற் செல்லுதல் வேறு, ஒளிந்திருத்தல் வேறு. மருத்துவரும் உடலை அறுக்கின்றார். ஆயின் நோயாளி அறியவே அறுக்கின்றார். 2024-ஆம் ஆண்டு ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தின் புதுப்பிப்பில் நேர்ந்த பிழையால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலற்று நின்றன. வானூர்தி நிலையங்களும் மருத்துவமனைகளும் திகைத்தன. கெர்னலில் இயங்கும் நிரல் தவறினால் விளையும் கேட்டினை அது காட்டியது மெய்யே. ஆயினும் அந்நிரல் தன் பெயரை மறைத்துக்கொண்டிராமையால், காரணம் இன்னதென்று சில மணி நேரத்திலேயே தெரிந்தது. எக்கோப்பை நீக்கவேண்டுமென்பதும் அன்றே அறிவிக்கப்பட்டது. அதே பிழை, ஒளிந்து வாழும் நிரலொன்றில் நேர்ந்திருப்பின், மக்கள் யாரை வினவுவர்? எதனை நீக்குவர்? வெளிப்பட நிற்பதன் தவறு திருத்தத்தக்கது. மறைந்து நிற்பதன் தவறு தவறென்றே அறியப்படாதது.

"குற்றமற்றவனுக்கு அச்சம் எதற்கு?" என்பது பிறிதொரு கூற்று. குற்றமற்றவன் அஞ்சவேண்டியது தன் குற்றத்தையன்று. தன் வீட்டுக்குள் தானறியாத வாயில் ஒன்று இருப்பதையே. கிரேக்கத் தலைமை அமைச்சர் குற்றஞ்செய்தமையாலா அவர் பேச்சு களவாடப்பட்டது? இனி, "இசைவு பெற்றே நிறுவுகின்றோம்" என்பாரும் உளர். நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் (2000), உடையவரின் இசைவின்றிக் கணினியுள் நுழைதலையும் கேடுதரும் நிரலைப் புகுத்துதலையும் தண்டிக்கின்றது. ஆனால் யாரும் படியாத நெடும் ஒப்பந்தத்தின் அடியில் ஒரு பொத்தானை அழுத்தச் செய்து பெறுவது இசைவாகுமோ? மறைக்கப்பட்டதற்கு இசைவு என்பதே பொருந்தாத சொல். அறியாததற்கு ஒருவன் எங்ஙனம் இசைவான்?

சோனி நிகழ்ச்சியின்போது அந்நிறுவனத் தலைவருள் ஒருவர், ரூட்கிட் என்றால் என்னவென்றே பெரும்பாலோர் அறியார், ஆதலின் அவர்கள் அதுபற்றிக் கவலுறுவானேன் என்னும் கருத்துப்பட வானொலியிற் பேசினார். எமக்கு இக்கட்டுரை எழுதும் எண்ணத்தைத் தந்தது அச்சொல்லே. மக்களின் அறியாமையைத் தம் உரிமைச் சீட்டாகக் கொள்ளும் மனப்பான்மை அதில் வெளிப்படுகின்றது. அதற்கு ஏற்ற விடை அறிதலேயாம். கணினிப் பகுதி மாணவர் மட்டுமே அறிந்தாற் போதாது. வரலாறு பயில்வோரும், தமிழ் பயில்வோரும், கணக்கெழுதுவோரும், வீட்டிலிருந்து கைபேசியிற் பணம் அனுப்பும் தாய்மாரும் அறிதல் வேண்டும். அவர்கள் அறியும் மொழியில் எழுதுவது மொழி பயில்வோரின் கடன் அன்றோ?

காக்கும் வழி யாது? அம்மூதாட்டி செய்யக்கூடியதை நினைவிற் கொள்வோம். வாசிப்பவன்மீது ஐயம் பிறந்தால், அவனையே மீண்டும் வாசிக்கச் சொல்வதிற் பயனில்லை. கடிதத்தைப் பிறிதொருவரிடம் கொடுத்து வாசிக்கச் செய்து, இரண்டனையும் ஒத்துப் பார்த்தல் வேண்டும். கணினிக்கும் அதுவே முறை. ஐயத்துக்குரிய இயங்குதளத்தைக் கேளாது, தூய பென் டிரைவிலிருந்து வேறோர் இயங்குதளத்தை எழுப்பி, அதனைக்கொண்டு வன்தட்டை ஆராய்தல் வேண்டும். உள்ளிருந்து காணாத கோப்பு வெளியிலிருந்து காணப்படின், கள்வன் அங்கேயே அகப்பட்டான். கெர்னல் வரை கேடு சென்றுவிட்டதாயின், ஒட்டுப்போடுதலிற் பயனில்லை. யாவற்றையும் அழித்து, தூய மூலத்தினின்றும் புதிதாக நிறுவுதலே தக்கது. ஃபர்ம்வேர் கெட்டதாயின் அதனையும் புதிதாக எழுதுதல் வேண்டும். இயலாதாயின் தாய்ப்பலகையையே மாற்றுதல் வேண்டும். இந்நிலையில் கைகொடுப்பது முன்னரே எடுத்துவைத்த கோப்புப் படிகளே.

வருமுன் காப்பதற்கும் சில உள. இயங்குதளத்தின் திருத்தங்களை நாள் கடத்தாது ஏற்றல், செக்யூர் பூட்டை அணைக்காதிருத்தல், அன்றாட வேலைக்கு முதன்மைப் பயனர் கணக்கைப் பயன்படுத்தாதிருத்தல், வழியிற் கிடந்த பென் டிரைவைச் செருகாதிருத்தல் என்பன அவை. விடுதி மாணவராகிய நம்மவர்க்குச் சிறப்பாக ஒன்று கூறுவோம். விலை கொடுத்து வாங்கவேண்டிய நிரலைக் களவிற் பெற்று நிறுவுகின்றோம்; அது முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்கின்றது; பின்னர் முதன்மை உரிமையைக் கேட்கின்றது; நாமும் மகிழ்ந்து தருகின்றோம். காவலனை உறங்கச் செய்து, சாவிக்கொத்தையும் கொடுத்துக் கள்வனை விருந்துக்கு அழைத்தல் இதனினும் வேறோ? கட்டற்ற மென்பொருள்கள் நேரிய வழியில் விலையின்றிக் கிடைக்க, இவ்வழி எதற்கு?

முடிவாக, யாம் வேண்டுவன மூன்று. நிரல் ஆக்குவோர், நோக்கம் எத்துணை நல்லதாயினும், உடையவர் கண்ணுக்கு மறையும் எதனையும் அவர் கணினியில் வைக்கலாகாது. வைத்தது எதுவாயினும் அதனை நீக்கும் உரிமை உடையவர்க்கு இருத்தல் வேண்டும். சட்டம், தீங்கு விளைந்ததா என்று பார்ப்பதோடு அமையாது, மறைவையே குற்றமாகக் கருதுதல் வேண்டும். கள்வனாயினும் வணிகனாயினும் அதிகாரியாயினும் ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும். நாமோ, கணினி கூறுவது யாவும் மெய்யெனக் கொள்ளும் எளிமையை விட்டு, சான்றினைச் சான்றாகவே மதித்து, ஐயம் எழுந்தவிடத்து வேறு சான்று தேடும் பழக்கத்தைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

கணினி இன்று நம் கடிதமும் கணக்கும் பாடமும் பணப்பெட்டியும் ஆகிவிட்டது. அதனுள் யார் இருக்கின்றார் என்று கேட்கும் உரிமை அதனை வாங்கினவர்க்கு உண்டு; மெய்யான விடை பெறும் உரிமையும் உண்டு. அவ்விடையைத் திருத்திக் கூறும் கை எவருடையதாயினும், அது பகைவன் கையே என்பது எமது முடிபு.